முதல் வரியிலேயே நின்றுபோகும் கட்டுரைகள்

படிவம் 5 வகுப்பில் கட்டுரைத் தலைப்பை வெண்பலகையில் எழுதிவிட்டு, பத்து நிமிடம் கழித்து மேசைகளுக்கு இடையே ஒரு நடை நடந்து பாருங்கள். பலர் அரைப்பக்கம் தாண்டியிருப்பார்கள். இரண்டு மூன்று பேரின் தாளில் மட்டும் ஒரே வரி இருக்கும். அந்த ஒரு வரியும் வெட்டி, திருத்த நாடா ஒட்டி, அதன்மேல் மறுபடி எழுதப்பட்டிருக்கும். கேட்டால், "ஐடியா வரல டீச்சர்" என்பார்கள். நாமும் நம்பிவிடுவோம். ஆனால் ஓய்வு நேரத்தில் கேண்டீன் பக்கம் அதே பிள்ளையிடம் அதே தலைப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் மளமளவென்று கொட்டும். ஆக, சொல்ல விஷயம் இருக்கிறது. அதைத் தாளில் வைக்கத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

இப்படித் திணறுகிறவர்கள் பெரும்பாலும் தமிழில் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளையாகக்கூட இருக்கும். நல்ல வாக்கியம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். தான் எழுதியது அந்த அளவுக்கு இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் அடிக்கிறது. ஒன்றும் தெரியாத பிள்ளை கவலைப்படாமல் எழுதிக்கொண்டே போகும்.

ஆசிரியர் அறையிலும் இதே கதைதான். மனத்துக்குள் ஒரு சிறுகதையை இருபது வருடமாகச் சுமந்துகொண்டு, "ரிட்டயர் ஆனதும் உட்கார்ந்து எழுதணும்" என்று சொல்கிற தமிழாசிரியர் எந்தப் பள்ளியில்தான் இல்லை? அவருக்கு அச்சம் இன்னும் ஒரு படி கூடுதல். தமிழாசிரியர் எழுதியதிலேயே பிழையா என்று யாராவது கேட்டுவிட்டால்?

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மைக் ரோஸ் என்பவர் இந்தத் திணறலை ஆராய்ந்து 1980-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பத்து மாணவர்களிடம் பேசினார். ஐந்து பேர் எழுத உட்கார்ந்தாலே உறைந்துபோகிறவர்கள். மற்ற ஐந்து பேருக்கு அந்தத் தொல்லை இல்லை. உறைந்துபோனவர்களுக்குத் திறமை குறைவு என்று அவர் முடிவு செய்யவில்லை. அவர்கள், தாங்கள் கற்ற விதிகளை எங்கும் எப்போதும் மாறாத சட்டமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கம் வாசகரைக் கட்டி இழுக்க வேண்டும் என்று நம்பியவரால் தொடக்கத்தைத் தாண்ட முடியவில்லை. இன்னொருவர் கட்டுரைச் சட்டகம் போடுவதிலேயே நேரத்தையெல்லாம் செலவழித்தார். சட்டகம் அவ்வளவு சிக்கலாகிப்போனதால் அதைக் கட்டுரையாக மாற்ற வழியில்லை. தடங்கல் இல்லாத ஐந்து பேருக்கும் விதிகள் தெரியும். ஆனால் உதவாத விதியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைக்கவும் தெரியும்.

இப்போது நம் வகுப்பறை விதிகளை எண்ணிப் பாருங்கள். முன்னுரை கவரும்படி அமைய வேண்டும். பத்திக்கு ஒரு மொழியணியாவது வேண்டும். பேச்சு வழக்குச் சொல் வரவே கூடாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. வாக்கியம் நீளக் கூடாது. பிறமொழிச் சொல் தலைகாட்டக் கூடாது. இவற்றில் எதையும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இவை எல்லாம் முடிந்த கட்டுரைக்குரிய விதிகள். தொடங்கப்போகிற பிள்ளையின் தலையில் இவை ஒன்றாக ஏறி உட்கார்ந்தால் பேனா நகராது. ரோஸ் கண்ட ஐந்து பேரைத் தேடி நாம் கலிபோர்னியா போக வேண்டியதில்லை.

ஒரே நொடியில் மூன்று வேலை

தமிழில் இந்தத் திணறல் கூடுதலாக இருப்பதற்கு நம் மொழிக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. நாம் பேசுவது ஒன்று, எழுதுவது வேறொன்று. நம் ஊர்ப் பிள்ளை "வந்துச்சி" என்று நினைக்கிறது. அதை "வந்தது" என்று மாற்ற வேண்டும். நினைப்பின் நடுவே "பாசார்", "தாமான்", "பேக்" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கிடக்கும். அவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டும். இதற்குள் லகரமா ளகரமா, இங்கே வலி மிகுமா மிகாதா என்ற கேள்விகள். யோசிப்பது, மாற்றுவது, திருத்துவது என்று மூன்று வேலைகள் ஒரே நொடியில். மலாய் மொழியில் ஒரு பக்கம் எழுதிவிடுகிற அதே மாணவன் தமிழில் மூன்றாவது வரியில் நின்றுபோவதை நீங்கள் பார்த்திருந்தால், அதைத் தமிழ்ப் பற்றுக் குறைவு என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனவே முதல் வரைவைப் பேச்சுத் தமிழிலேயே எழுத விட்டுவிடுங்கள். பிழை பார்க்காமல், அழிக்காமல், கை வந்தபடி. சிலருக்கு இதைக் கேட்டதுமே மனம் பதறும் என்று தெரியும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். "வெள்ளம்" என்பது தலைப்பு. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி கொட்டிய மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது நமக்கு மறக்காது. அங்கே குடியிருந்த ஒரு பிள்ளை இந்தத் தலைப்பில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மனப்பாடத்திலிருந்து வருவது இப்படி இருக்கும்:

"கார்மேகங்கள் வானைச் சூழ்ந்தன. இடி மத்தளம் கொட்டியது. மழை சோவெனப் பெய்தது. இயற்கையின் சீற்றத்தைக் கண்டு என் உள்ளம் அனலில் இட்ட மெழுகு போல் உருகியது."

பிழையில்லை. உவமைத்தொடரும் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது அனல் எங்கிருந்து வந்தது? இதை எழுத அந்தப் பிள்ளை தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்திருக்கவே வேண்டாம். இப்போது கைபோன போக்கில், பேச்சு வழக்கில்:

"தண்ணி கேட்டு வரைக்கும் வந்துச்சி. அப்பா பரவால்ல, நின்னுரும்னாரு. நிக்கல. பிரிட்ஜ மேசை மேல தூக்கி வெச்சோம். அம்மா மொதல்ல எடுத்தது பாட்டி படத்தத்தான். நான் ஸ்கூல் பேக்க மறந்துட்டேன். ராத்திரி பூரா அடுத்த வீட்டுச் சீன ஆண்ட்டியோட மாடியிலதான் இருந்தோம். மெகி போட்டுக் குடுத்தாங்க."

மறுநாள் உட்கார்ந்து இதை எழுத்து வழக்குக்கு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? "தண்ணீர் வாயிற்கதவு வரை வந்தது. 'பரவாயில்லை, நின்றுவிடும்' என்றார் அப்பா. நிற்கவில்லை. குளிர்பதனப் பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்தோம். அம்மா முதலில் எடுத்தது பாட்டியின் படத்தைத்தான்." கால் மணி நேரம் போதும். வலிமிகும் இடங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டு கட்டாகத் தாள் திருத்துகிறவர், நூறாவது தாளில் அந்தப் பாட்டி படத்தைக் கண்டால் நிமிர்ந்து உட்காரமாட்டாரா?

நாளிதழில் நடந்த வகுப்பு

குறையோடு எழுதுவது, அதைப் பிறர் படிப்பது, பிறகு இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதுவது என்ற வழி நமக்குப் புதிதன்று. மலேசியத் தமிழ்ச் சிறுகதையே ஒரு வகையில் இப்படி வளர்ந்ததுதான். ஜப்பானியர் ஆட்சி முடிந்து நாடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்த காலம். கதை என்றால் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைகளில் இருப்பது என்று பலர் நினைத்திருந்த காலமும்கூட. 1950-இல் கோலாலம்பூரின் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' ஒன்றைத் தொடங்கினார்கள். பத்திரிகைப் பக்கமே வகுப்பறை. கதை எழுதுவது எப்படி என்ற பாடம் அச்சில் வந்தது. வாசகர்கள் பயிற்சிக் கதைகள் எழுதினார்கள். அவை தரம் பார்க்கப்பட்டன. தங்களை எழுத்தாளர் என்று அதுவரை எண்ணியிராதவர்கள் பலர் பேனா எடுத்தது அதன்பிறகுதான்.

சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு', மாணவர் மணிமன்றம் வழியாக இதே வேலையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்தது. 1950களில் அந்தப் பகுதியில் தன் பெயரை அச்சில் பார்த்த சிறுவர் சிறுமியர் எத்தனையோ பேர் பின்னாளில் இரு நாடுகளிலும் எழுத்தாளர்களாக, ஆசிரியர்களாக, செய்தியாளர்களாக அறியப்பட்டார்கள். அதே 1950களில் 'தமிழ் நேசன்' ஆசிரியர் பொறுப்பேற்றுத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கு. அழகிரிசாமி, இங்குள்ள எழுத்தாளர்களோடு இலக்கிய வட்டம் நடத்தினார். பின்னர் 1970களில் 'தமிழ் நேசன்' பவுன் பரிசுத் திட்டம் கொண்டுவந்தது. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி 1980களில் தொடங்கியது. அதில் தேர்வாகும் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று நூலாக வருவதை இந்தத் தாளிகையின் வாசகர்கள் அறிவார்கள்.

கதை வகுப்புக் காலத்துக் கதைகள் எல்லாமே மணியானவை என்று சொல்ல முடியாது. நீதி சொல்லி முடிகிற கதைகள் அதிகம். தமிழ்நாட்டு வார இதழ்களின் சாயல் அதிகம். ஆனால் அவை எழுதப்பட்டன. அந்தக் கதைகளின்மேல் நின்றுகொண்டுதான் அடுத்த தலைமுறை தோட்டத்தையும், குடியுரிமைச் சிக்கலையும், நகரத்துக்குப் பெயர்ந்த வாழ்க்கையையும் எழுதியது. முதல் கதையே முழுமையாக இருந்தால்தான் அனுப்புவேன் என்று அன்றைக்கு எல்லாரும் காத்திருந்தால் இன்று எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத்துக்கு நாம் எதை எடுத்துப் படிப்போம்?

இந்த முயற்சிகளில் பொதுவாக இருந்தவற்றில் இரண்டு நமக்கு இப்போதும் பயன்படும். ஒன்று, நாள் குறித்திருந்தது. பத்திரிகை அச்சுக்குப் போகும் நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்றால் ஒரு வரியை ஒன்பது தடவை வெட்டிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, படிக்க ஆள் இருந்தார்கள். தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரே வாசகர் ஆசிரியர்தான். அவர் கையில் சிவப்பு மை இருக்கிறது. புள்ளி போடாத நாலு வாசகர்களை அந்தப் பிள்ளைக்குத் தேடிக் கொடுத்தால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

ஆறு பேர், ஒரு மேசை

பெரிய அமைப்பு ஏதும் வேண்டாம். ஐந்தாறு பேர் போதும். பத்துக்கு மேல் போனால் கூச்சமுள்ள பிள்ளை வாய் திறக்காது. இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு பல இடங்களில் அட்டவணைக்கு வெளியேதான் நடக்கிறது. அந்த நேரத்தையும் பறிக்க வேண்டாம். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு மணி நேரம். ஒரே பள்ளியில் ஆள் சேராவிட்டால் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்துகொள்ளுங்கள். கிள்ளானில் கொம்யூட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தே வந்துவிடலாம். துன் சம்பந்தன் சாலையில் தேநீரும் வடையும் கிடைக்காமலா போகும்? கிள்ளான் பிள்ளைகள் அதிகம் என்றால் தெங்கு கிளானா பக்கமே வைத்துக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளி நூல் நிலையம், கோயில் மண்டபம், யாராவது ஒருவரின் வீட்டு வரவேற்பறை, எதுவானாலும் சரி.

பீட்டர் எல்போ என்ற அமெரிக்க ஆசிரியர் 1973-இல் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ஆசிரியர் இல்லாமல் எழுதுதல்' என்று வரும். ஆசிரியர் சங்கத் தாளிகையில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் சொல்லும் முதல் பயிற்சி எளிமையானது: பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாமல் எழுதுவது. ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதுவது. அழிப்பது கிடையாது, மேலே போய்ப் படித்துப் பார்ப்பதும் கிடையாது. அடுத்தது, கூடும்போதெல்லாம் எல்லாரும் எதையாவது எழுதிக் கொண்டுவர வேண்டும். அரைகுறையாக இருந்தாலும் சரி.

கேட்கிறவர்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் பல குழுக்கள் கவிழ்கின்றன. "நல்லாருக்கு" என்று சொன்னால் எழுதியவருக்கு ஒன்றும் கிடைக்காது. "இங்க ஒற்று விட்டுட்ட" என்றால் அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளை வராது. எல்போ காட்டும் வழி இரண்டுக்கும் நடுவே போகிறது. எழுதியதைக் கேட்கும்போது உன் மனத்தில் என்ன நடந்தது என்று சொல். "பாட்டி படம்னதும் எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சி." "மாடிக்கு எப்பிடிப் போனீங்கன்னு எனக்குப் புரியல." இரண்டாவது கருத்தைப் பாருங்கள். குறையைத்தான் சொல்கிறது, ஆனால் யாரையும் குத்தவில்லை. அடுத்த வரைவில் என்ன சேர்க்க வேண்டும் என்று எழுதியவருக்குத் தானே தெரிந்துவிடுகிறது.

ஆசிரியர்களே, நீங்களும் எழுதுங்கள். பிள்ளைகள் எழுதும் அந்தப் பத்து நிமிடத்தில் தாள் திருத்தாதீர்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து எழுதி, உங்கள் அரைகுறை வரைவை நீங்களே முதலில் படியுங்கள். வெட்டும் கிறுக்கலுமாக இருக்கும் ஆசிரியரின் தாளைப் பார்ப்பதைவிடப் பெரிய தைரியம் ஒரு மாணவருக்கு வேறு எதிலும் கிடைக்காது. நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்ததெல்லாம் அச்சடித்த மாதிரிக் கட்டுரைகளையே. அது எத்தனை வரைவுக்குப் பிறகு அந்த நிலைக்கு வந்தது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியதில்லை.

புலனக் குழு தொடங்கலாமா என்று கேட்பீர்கள். சந்திப்பு நேரத்தை அறிவிக்க அது போதும். கதைகளை அங்கே போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வரும், அதன்கீழே யாரோ அனுப்பிய காலை வணக்கம் வரும். நேரில் வாய்விட்டுப் படிப்பது வேறு. எந்த வரியில் மற்றவர்கள் சிரித்தார்கள், எந்த வரியில் அமைதியானார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

"அப்படியானால் பிழையை எப்போதுதான் திருத்துவது? தேர்வில் புள்ளி போகாதா?" போகும். அதனால் திருத்தத்தான் வேண்டும், ஆனால் கடைசியில். முதல் வரைவில் விஷயம், இரண்டாவதில் வரிசையும் எழுத்து வழக்கும், மூன்றாவதில் எழுத்தும் சந்தியும். மூன்றாவதிலும் எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் சிவப்பாக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிக்கடி வரும் பிழைகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஒருவருக்கு ரகர றகரம். இன்னொருவருக்கு "அல்ல", "அல்லர்" தகராறு. அந்த இரண்டை மட்டும் இந்த மாதம் பிடித்துக்கொண்டால் அடுத்த மாதம் அவை குறைந்திருப்பதைப் பிள்ளையே பார்க்கும்.

தேர்வு அறையில்

மாணவர்களே, இது உங்களுக்கு. தேர்வு அறையில் குழு இருக்காது, மூன்று வரைவுக்கு நேரமும் இருக்காது. ஆனால் பழகிய கை இருக்கும். முன்னுரை வரவில்லை என்றால் அதற்கு ஐந்தாறு வரி இடம் விட்டுவிட்டு, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கருத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு பத்தி எழுதிய பிறகு முன்னுரை தானாக வரும், ஏனென்றால் எதற்கு முன்னுரை எழுதுகிறோம் என்பது அப்போதுதான் தெரியும். சொல் கிடைக்கவில்லையா? தெரிந்த எளிய சொல்லைப் போட்டுவிட்டு மேலே போங்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம், கடைசியில் புள்ளியை அழித்துவிடலாம். கடைசிப் பத்து நிமிடத்தைப் பிழை பார்க்க ஒதுக்கிவிட்டால், எழுதும்போது பிழையைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அதற்கென்று தனி நேரம் இருக்கிறது.

மொழியணியை மறக்கச் சொல்லவில்லை. பொருந்துகிற இடத்தில் வைத்தால் அது அழகுதான். வைத்தே ஆக வேண்டும் என்று திணித்தால்தான் வெள்ளத்தில் மெழுகு உருகும்.

குழு தொடங்கி நான்கைந்து மாதம் ஆனதும் கையில் ஒரு கட்டு சேர்ந்திருக்கும். அதை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. ஆனால் 'மக்கள் ஓசை', 'மலேசிய நண்பன்', 'தமிழ் மலர்' நாளிதழ்கள் இருக்கின்றன, பள்ளி ஆண்டு மலர் இருக்கிறது, பேரவைப் போட்டி இருக்கிறது. எதற்கு அனுப்பப்போகிறீர்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி, அனுப்ப வேண்டிய நாளை எல்லாரும் நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்போது கதை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அனுப்பிவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்கு வேறொன்றைத் தொடங்குங்கள்.